சந்தாவை நிறுத்தியாயிற்று, இனி சாயங்காலத்தை என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டண ஓடிடி சேவையை இரண்டு முறை நிறுத்தி, இரண்டு முறை திரும்பச் சேர்ந்து, மூன்றாம் முறை நிறுத்தியவன் எழுதுகிறேன். நிறுத்தும் வேலை 10 நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் இரவு 9 மணிதான் ஆளைச் சோதிக்கும். இரண்டைப் பற்றியும் என்னிடம் பலர் கேட்டதையும், நானே என்னைக் கேட்டுக்கொண்டதையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

நிறுத்தலாமா வேண்டாமா என்று குழப்பமாக இருக்கிறது. எப்படி முடிவெடுப்பது?

நினைவை நம்பாதீர்கள், பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலான சேவைகளில் கணக்குப் பக்கத்துக்குள் நீங்கள் இதுவரை பார்த்தவற்றின் பட்டியல் தேதியோடு இருக்கும். கடைசி 2 மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு குறி போடுங்கள்: தேடிப் போய்ப் பார்த்தது, அதுவாக ஓடியதால் பார்த்தது, பாதியில் விட்டது. முதல் வகையில் எத்தனை தேறுகிறதோ அவற்றுக்குத்தான் நீங்கள் உண்மையில் பணம் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு 3 படம் தேறியது. மற்றதெல்லாம் ஏற்கெனவே பார்த்த தொடரைத் துணி மடித்துக்கொண்டே மறுபடி பார்த்தது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொருளாதார அறிஞர்கள் லிரான் ஐனாவ், நீல் மஹோனி ஆகியோரும் பெஞ்சமின் குளோபக்கும் சேர்ந்து 2023-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பரவலாகப் பயன்படும் 10 சந்தா சேவைகளில், மக்களின் கார்டு காலாவதியாகிப் புதுக் கார்டு வரும் மாதத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். அந்த மாதத்தில் ரத்துகள் சட்டென்று எகிறுகின்றன. புது எண்ணைப் பதிய வேண்டியிருப்பதால் 'இது எனக்கு வேண்டுமா?' என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. மற்ற மாதங்களில் யாரும் கேட்பதில்லை, பணம் போய்க்கொண்டே இருக்கிறது. கார்டு காலாவதியாகும் வரை காத்திருக்காமல், இன்றைக்கே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டியலில் தேடிப் பார்த்தவை நிறைய இருந்தால் தாராளமாகத் தொடருங்கள். ஓடிடியே தப்பு என்று சொல்ல நான் வரவில்லை.

ஆப்பை அழித்துவிட்டேன். சந்தா நின்றுவிட்டதுதானே?

இல்லை. ஆப் போனால் உங்கள் ஃபோனில் கொஞ்சம் இடம் மிச்சம், அவ்வளவுதான். பணம் பிடிப்பது அந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கும் கணக்கை வைத்து. ஆப்பிளும் கூகுளும் இதைத் தங்கள் உதவிப் பக்கங்களிலேயே சொல்லியிருக்கின்றன. ஆப்பை அழித்துவிட்டு 5 மாதம் நிம்மதியாக இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

சரி, எங்கே போய் நிறுத்துவது?

பணத்தைப் பிடிப்பது யாரோ அவரிடம்தான் நிறுத்த வேண்டும். இது புரியாமல்தான் பலர் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். சேவையின் தளத்தில் 'ரத்து' என்ற சொல்லே இல்லை, ஏமாற்றுகிறார்கள் என்று கோபப்படுவார்கள். பார்த்தால், அவர்கள் சேர்ந்தது ஃபோனின் ஆப் ஸ்டோர் வழியாக இருக்கும்.

முதலில் வங்கி அல்லது கார்டு ஸ்டேட்மென்ட்டில் அந்தத் தொகை எந்தப் பெயரில் போகிறது என்று பாருங்கள். சேவையின் பெயரே இருந்தால் பிரௌசரில் அவர்கள் தளத்துக்குப் போய், கணக்குப் பகுதியில் நிறுத்தலாம். ஆப்பை விட பிரௌசர் நல்லது. சில ஆப்களில் ரத்து செய்யும் வழியே வைத்திருக்க மாட்டார்கள். ஆப்பிள் பெயர் இருந்தால் ஐஃபோன் செட்டிங்ஸில் மேலே தெரியும் உங்கள் பெயரைத் தட்டி, சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதிக்குப் போங்கள். கூகுள் என்றால் பிளே ஸ்டோரைத் திறந்து, மேல் மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தட்டினால், பணம் மற்றும் சந்தா என்ற பகுதி வரும். டிவியில் செருகும் ஸ்டிக் அல்லது பெட்டி வழியாகச் சேர்ந்திருந்தால், அதைத் தயாரித்த நிறுவனத்தில் உங்களுக்கு இருக்கும் கணக்கில் தேட வேண்டும்.

ஸ்டேட்மென்ட்டில் எந்தத் தடயமும் இல்லை, ஆனால் சேவை ஓடுகிறது என்றால் அது மொபைல் அல்லது பிராட்பேண்ட் திட்டத்தோடு ஒட்டி வந்ததாக இருக்கலாம். அதைத் தனியாக நிறுத்தினால் பணம் குறையுமா என்று அந்த நிறுவனத்திடமே கேளுங்கள். பல நேரம் குறையாது. அப்படியென்றால் இந்தக் கேள்வி பதில் உங்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

இன்னொன்று: பணம் கட்டும் கணக்கு யாருடையதோ அவரால்தான் நிறுத்த முடியும். அண்ணன் மின்னஞ்சலில் திறந்த கணக்கை நீங்கள் உங்கள் ஃபோனிலிருந்து என்ன தட்டினாலும் நடக்காது.

முடித்ததும் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வரும். வராவிட்டால் நிற்கவில்லை என்றே வைத்துக்கொண்டு, கணக்குப் பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள். சேவை முடியும் தேதி அங்கே தெரிய வேண்டும். அந்தத் திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தேதியில் நிறுத்தினால் நஷ்டம் இல்லை?

கட்டணம் கட்டிய சந்தா என்றால் பொதுவாக எந்த நாளில் ரத்து செய்தாலும் கட்டிய காலம் முடியும் வரை பார்க்கலாம். மீதி நாளுக்குப் பணம் திரும்பக் கிடைப்பது அபூர்வம். ஆகவே கடைசி நாள் வரை இழுத்தடிக்கக் காரணமே இல்லை. சேர்ந்த அன்றே ரத்து செய்துவிட்டு மாதம் முழுக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், நானும் இப்போது அப்படித்தான். ஆப்பிள் வழியாகச் சேர்ந்தவர்கள் புதுப்பிக்கும் நேரத்துக்கு 24 மணி நேரமாவது முன்னதாக முடித்துவிட வேண்டும்.

இலவச சோதனைக் காலத்தில் மட்டும் கவனம் தேவை. சில சேவைகள் ரத்து செய்த நொடியே கதவைச் சாத்திவிடும். அங்கே காலண்டரில் நினைவூட்டல் வைத்துக்கொண்டு, முடிவதற்கு 2 நாள் முன்பு நிறுத்துங்கள்.

ரத்துப் பொத்தானைத் தேடியே அலுத்துவிட்டேன். வேண்டுமென்றே ஒளிக்கிறார்களா?

சில இடங்களில் ஆமாம். சேர்வதற்கு ஒரு தட்டு, விலகுவதற்கு ஏழு தட்டு என்று வடிவமைப்பதற்குப் பெயரே இருக்கிறது. ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 2010-ல் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார். ஜெர்மனியில் 2022 ஜூலை 1 முதல், இணையத்தில் சந்தா விற்பவர்கள் தளத்திலேயே தெளிவான ரத்துப் பொத்தான் வைத்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை.

நான் விட்ட ஒரு சேவையில் 4 திரை வந்தது. முதலில் 'போகாதீர்கள்' என்று நான் பாதி பார்த்த தொடர்களின் படங்கள். அடுத்து பாதி விலை. அடுத்து ஏன் போகிறீர்கள் என்று ஒரு கேள்வித்தாள். கடைசித் திரையில் பளிச்சென்று பெரிய பொத்தான், அது 'சந்தாவைத் தொடர்க'. ரத்து செய்யும் இணைப்பு அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், எறும்பு எழுத்தில். மூன்றாம் திரையிலேயே வேலை முடிந்தது என்று நினைத்து மூடியிருக்கிறேன் ஒரு முறை.

பாதி விலைக்கு மனம் இளகினால் ஒன்று செய்யுங்கள்: ரத்தை முடித்துவிடுங்கள். இப்படிப்பட்ட சலுகைகள் விலகியவர்களுக்கு மின்னஞ்சலிலும் அடிக்கடி வரும்.

பேசாமல் கார்டை முடக்கிவிட்டால்?

வேண்டாம். பணம் பிடிக்க முடியாமல் போனாலும் ஒப்பந்தப்படி சந்தா நடப்பில் இருப்பதாகவே சில நிறுவனங்கள் கணக்கு வைத்திருக்கும். முறையாக ரத்து செய்யுங்கள். அதன் பிறகும் பணம் போனால் வங்கியிடம் போங்கள். அப்போது அந்த ஸ்கிரீன்ஷாட் பேசும்.

பார்த்த பட்டியல், எனக்குப் பழகிய பரிந்துரைகள் எல்லாம் போய்விடுமா?

உடனே போகாது. நெட்ஃப்ளிக்ஸ் 10 மாதம் வரை வைத்திருக்கிறது. அதற்குள் அதே மின்னஞ்சலில் சேர்ந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கணக்கை மூடுவதும் தகவலை அழிப்பதும் வேறு வேறு என்பதையும் கவனியுங்கள். முழுவதும் அழிக்க வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும்.

எப்படியும் 'பிறகு பார்க்க' என்று சேர்த்து வைத்த பட்டியலை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அதில் 140 பெயர் இருந்தது. எழுத ஆரம்பித்து 12-ஆவது பெயரிலேயே கை நின்றுவிட்டது. மிச்சத்தை நான் உண்மையில் பார்க்கப் போவதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நடுவில் நிற்கும் தொடரை என்ன செய்வது?

அந்த ஒரு சீசனை முடித்துவிட்டு நிறுத்துங்கள். அடுத்த சீசனுக்காகக் காத்திருக்கப் பணம் கட்டாதீர்கள். இரண்டு சீசனுக்கு நடுவே ஓர் ஆண்டோ அதற்கு மேலோ இடைவெளி விழுவது இப்போது சகஜம். அது வந்து முழுவதும் வெளியான பிறகு ஒரு மாதம் சேர்ந்து பார்த்தால் போதும்.

விளம்பரத்தோடு வரும் மலிவுத் திட்டத்துக்கு மாறலாமா?

செலவுதான் பிரச்சினை என்றால் மாறலாம். நேரம் பிரச்சினை என்றால் மாறிப் பயனில்லை. அதே நேரத்தைச் செலவழிப்பீர்கள், கூடவே விளம்பரமும் பார்ப்பீர்கள்.

வீட்டில் மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லையே?

இதில் நான் முதல் முறை செய்த தப்பைச் சொல்கிறேன். யாரிடமும் கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறுத்திவிட்டு, இரவு எல்லோரும் உட்கார்ந்தபோது அறிவித்தேன். பெரிய தியாகம் செய்தவன் மாதிரி முகம் வேறு. 9 நாளில் மறுபடி சேர்ந்தோம். அந்த 9 நாளும் வீட்டில் நான்தான் வில்லன்.

ஒருவருக்கு அந்தத் திரை சும்மா ஓடும் சத்தம், இன்னொருவருக்கு நாளில் தனக்கென்று இருக்கும் ஒரே மணி நேரம். குழந்தைக்கு ஒரே கார்ட்டூன், நூறாவது தடவை. இந்தத் தேவைகள் ஒன்றல்ல, மாற்றும் ஒன்றாக இருக்காது. ஆளாளுக்கு எதை இழப்பதாக நினைக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். குழந்தை விரும்பும் ஒரே கார்ட்டூனை வட்டாகவோ டிஜிட்டலாகவோ விலைக்கு வாங்கிவிடலாம். பல மாதச் சந்தாவை விட அது மலிவாகவே முடியும். சத்தத்துக்கு வானொலியோ பாட்கேஸ்ட்டோ போதும். தனக்கென்று நேரம் தேடுபவருக்கு மாற்று தேடுவதுதான் கடினம். அங்கே திரையை விட, அந்த ஒரு மணி நேரம் அவரை யாரும் கூப்பிடாமல் இருப்பதுதான் முக்கியமாக இருக்கும். அதை நீங்கள் உறுதி செய்து கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள்.

அப்புறம், 'இனி எப்போதுமே கிடையாது' என்று சொல்லாதீர்கள். 'ஒரு மாதம் விட்டுப் பார்ப்போம், அப்புறம் பேசுவோம்' என்று சொன்னால் சண்டை பாதியாகக் குறைகிறது. மூன்றாம் முறை எங்கள் வீட்டில் இப்படித்தான் நடந்தது.

நிறுத்திய முதல் வாரம் கை பரபரக்கிறது. வேறு எதிலும் மனம் நிற்கவில்லை. இது இயல்புதானா?

இயல்புதான். என்னிடம் வரும் கேள்விகளில் இதுதான் முக்கியமானது.

நாம் ஓடிடியில் படங்களுக்குப் பணம் கட்டுவதாக நினைக்கிறோம். அதை விட, யோசிக்காமல் உட்கார்ந்தால் எதுவோ ஓடும் என்ற வசதிக்குத்தான் கட்டுகிறோம். நெட்ஃப்ளிக்ஸின் பரிந்துரைப் பகுதியை நடத்திய கார்லோஸ் கோமெஸ்-உரீபேயும் நீல் ஹன்ட்டும் 2015-ல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு வருகிறது. ஒரு சாதாரணப் பார்வையாளர் 60 முதல் 90 வினாடிதான் தேடுவார், 10 முதல் 20 பெயரைப் பார்ப்பார், அதற்குள் எதுவும் பிடிக்காவிட்டால் ஆர்வம் போய்விடும். மொத்தம் பார்க்கப்படும் நேரத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் பரிந்துரைகள் காட்டித் தருவதால்தான் அமைகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். அதாவது, உங்கள் சோர்வு 90 வினாடி தாங்காது என்று தெரிந்து, அதற்குள் ஒன்றைக் கையில் கொடுத்துவிட ஒரு பெரிய குழுவே வேலை செய்கிறது.

சந்தாவை விட்டதும் அந்தக் குழு போய்விட்டது. சோர்வு மட்டும் அப்படியே இருக்கிறது. இரவு 9 மணிக்கு, நாளெல்லாம் உழைத்த தலையோடு 'இப்போது புதிதாக ஏதாவது கற்கலாமா, எந்தப் புத்தகம் எடுக்கலாம்' என்று யோசித்தால் 90 வினாடியில் ஃபோன் கைக்கு வந்துவிடும். நல்ல பொழுதுபோக்கு இல்லாமல் போனதாக அப்போது நினைப்போம். உண்மையில் தேர்ந்தெடுக்கும் தெம்புதான் அந்த நேரத்தில் இருப்பதில்லை.

எனவே தேர்வைப் பகலுக்கு மாற்றுங்கள். காலையிலோ மதியமோ, தலை தெளிவாக இருக்கும்போது இரவுக்கு ஒன்றே ஒன்றை முடிவு செய்து, ரிமோட் இருக்கும் இடத்திலேயே எடுத்து வையுங்கள். புத்தகம் என்றால் பக்கத்தைத் திறந்து கவிழ்த்து வையுங்கள் (புத்தகப் பிரியர்கள் மன்னிக்கவும்). படம் என்றால் வீடியோவை ஏற்கெனவே திறந்து நிறுத்தி வையுங்கள். சதுரங்கம் என்றால் காய்களை அடுக்கி வையுங்கள். அலமாரியில் இருப்பதும் மேஜையில் விரித்து வைத்திருப்பதும் பகலில் ஒன்றுதான். இரவில் இரண்டுக்கும் நடுவே ஒரு மலையே இருக்கிறது.

முதல் இரண்டு முறை நான் தோற்றது இங்கேதான். வாங்கிக் குவித்த புத்தகங்கள் இருந்தன, பட்டியல்கள் இருந்தன, எதுவும் தயாராக இல்லை.

சில நாள் எதுவும் செய்யாமல் தூங்கிவிடுவீர்கள். அதுவும் நல்லதே. எங்கள் போட்டியாளர் தூக்கம்தான் என்ற பொருளில் நெட்ஃப்ளிக்ஸின் அப்போதைய தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017-ல் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்.

பணம் கட்டாமல், சட்டப்படி படம் பார்க்க வழி உண்டா?

நிறைய உண்டு. ஆனால் எல்லாம் பழசு அல்லது அதிகம் பேசப்படாதது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் ஏமாற்றம் இல்லை.

முதலில் பதிப்புரிமை முடிந்த படங்கள். அமெரிக்கச் சட்டப்படி அங்கே 1978-க்கு முன் வெளியான படங்களுக்கு உரிமை அதிகபட்சம் 95 ஆண்டு. அதனால் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் ஓர் ஆண்டுப் படங்கள் பொதுவுக்கு வருகின்றன. மிக்கி மௌஸ் அறிமுகமான 1928-ஆம் ஆண்டுக் குறும்படம் 2024 ஜனவரி 1 அன்று வந்தது. விபத்தாக வந்ததும் உண்டு. 1968-ல் வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்ற பேய்ப்படத்தின் தலைப்பை விநியோகஸ்தர் கடைசி நேரத்தில் மாற்றினார். பழைய தலைப்போடு இருந்த பதிப்புரிமை அறிவிப்பு புதுத் தலைப்பில் விடுபட்டுப் போயிற்று. அந்தக் காலச் சட்டப்படி அறிவிப்பு இல்லையென்றால் உரிமையும் இல்லை, படம் எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டது. நாட்டுக்கு நாடு இந்த விதிகள் மாறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இப்படிப்பட்டவற்றை ப்ரூஸ்டர் கேல் 1996-ல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணையக் காப்பகத்தில் தேடலாம். மௌனப் படம் என்றதும் ஓட வேண்டாம். நீளமான காவியத்தில் தொடங்கினால் தூக்கம் வரும். பஸ்டர் கீட்டனின் 20 நிமிட நகைச்சுவைக் குறும்படம் ஒன்றில் தொடங்குங்கள். வசனமே இல்லாததால் சப்டைட்டில் தொல்லையும் இல்லை, 6 வயதுக் குழந்தையும் சிரிக்கும்.

அடுத்தது நூலகம். கனோபி, ஹூப்லா போன்ற சேவைகள் நூலக அட்டை இருந்தால் இலவசமாகப் படம் காட்டும், உங்கள் நூலகம் அதில் சேர்ந்திருக்க வேண்டும். லிபி என்ற ஆப் அதேபோல் மின்னூலும் ஒலிநூலும் இரவல் தரும். உங்கள் நூலகத்தில் இவை உண்டா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். இருந்தும் கேட்காமல் இருப்பவர்களே அதிகம்.

விண்வெளிப் பைத்தியம் உள்ளவர்களுக்கு, நாசா 2023 நவம்பரில் தொடங்கிய நாசா பிளஸ் இருக்கிறது. சந்தாவும் இல்லை, விளம்பரமும் இல்லை.

டெலிகிராமில் எல்லாம் கிடைக்கிறதே?

கிடைக்கிறது. திருட்டுப் பிரதி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பிரச்சினை நேரம் என்று சந்தாவை விட்டவர், கணக்கில்லாத படங்கள் கொட்டிக் கிடக்கும் இடத்துக்குப் போவது எதற்கு? கூடவே வரும் வைரஸ் கோப்புகள் வேறு.

டிவிடி, ப்ளூரே எல்லாம் இன்னும் வாங்கலாமா?

நான் வாங்குகிறேன். பழைய வட்டுகளை மலிவாகத் தள்ளிவிடுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். வட்டு உங்களிடம் இருக்கும் வரை யாரும் அந்தப் படத்தை 'இந்த மாதத்தோடு நீக்குகிறோம்' என்று எடுத்துவிட முடியாது. தரமும் மேல்: 4கே (எச்டியை விடத் துல்லியமான படத் தரம்) ப்ளூரே வட்டிலிருந்து வினாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேலும் தரவு வரலாம். 4கே பார்க்க நெட்ஃப்ளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைய வேகமே 15 மெகாபிட்தான்.

வாங்கும் முன் மண்டலக் குறியைப் பாருங்கள், வட்டு எந்தப் பகுதி நாடுகளின் பிளேயரில் ஓடும் என்பதைச் சொல்வது அது. டிவிடிக்கு 1 முதல் 6 வரை எண், சாதாரண ப்ளூரேவுக்கு ஏ, பி, சி. உங்கள் பிளேயரோடு ஒத்துப்போக வேண்டும். 4கே வட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

நெட்ஃப்ளிக்ஸே 1998-ல் டிவிடியைத் தபாலில் அனுப்பித்தான் பிழைப்பைத் தொடங்கியது. 2023 செப்டம்பரில்தான் அதை நிறுத்தினார்கள்.

திரையே வேண்டாம், கேட்பதற்கு ஏதாவது?

துணி மடிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் ஓடிடியை ஓட விட்டவர்கள் நேராக இங்கே வரலாம். லிப்ரிவாக்ஸ் 2005 முதல் இயங்குகிறது. பதிப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவு செய்கிறார்கள், எல்லாம் இலவசம். குரல்களின் தரம் ஏறி இறங்கும். ஒருவர் கதையை உயிரோடு வாசிப்பார், இன்னொருவர் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி வாசிப்பார். முதல் 5 நிமிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பாட்கேஸ்ட்டுக்கு ஆன்டெனாபாட் போன்ற திறந்தமூல ஆப் ஆண்ட்ராய்டில் இருக்கிறது, கணக்குத் தொடங்கக்கூட வேண்டாம்.

வாசிக்கும் பழக்கம் விட்டுப் போய்விட்டது. எங்கே தொடங்குவது?

சிறுகதையில் தொடங்குங்கள். 800 பக்க நாவலை எடுத்து வைத்துக்கொண்டு குற்ற உணர்ச்சியோடு தூங்குவதால் யாருக்கும் லாபமில்லை. ஓர் எபிசோட் பார்க்கும் நேரத்தில் இரண்டு கதை முடியும், முடித்தோம் என்ற திருப்தியும் வரும்.

தமிழில் இணையத்திலேயே மதுரைத் திட்டம் இருக்கிறது. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கியது. சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டுக் கதைகள் வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். ஈழத்து நூல்கள், பழைய இதழ்கள் வேண்டுமென்றால் நூலகம் என்ற பெயரிலேயே இயங்கும் தளத்தைப் பாருங்கள். பழைய பத்திரிகையின் விளம்பரங்களை மட்டும் புரட்டிக்கொண்டு ஒரு மாலை முழுவதும் போக்கியிருக்கிறேன். ஆங்கில நூல்களுக்கு இதேபோல் 1971-ல் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய புராஜெக்ட் குட்டன்பர்க் இருக்கிறது.

ஃபோனில் வாசிப்பதாக இருந்தால் அதை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு வாசியுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் பக்கத்தில் ஒரு மெசேஜ் வரும், அதோடு சரி.

ஓடிடியை விட்டு யூடியூபில் விழுந்துவிட்டேன். இப்போது என்ன?

எல்லோரும் விழுகிறோம். கணக்கின் 'வாட்ச் ஹிஸ்டரி'யை, அதாவது பார்த்தவற்றைப் பதிந்து வைப்பதை, நிறுத்தி, பழையதையும் அழித்துவிடுங்கள். 2023 ஆகஸ்ட் முதல், அப்படிச் செய்தவர்களுக்கு முகப்புப் பக்கத்தில் பரிந்துரைகள் வருவதில்லை, தேடல் பெட்டி மட்டும் நிற்கும். எதற்கு வந்தோம் என்று தெரிந்தவர் தேடிப் பார்ப்பார், தெரியாதவர் வெற்றுத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். தானாக அடுத்த வீடியோ ஓடுவதையும் அணைத்துவிடுங்கள். எனக்கு இந்த ஒரு மாற்றம் சந்தாவை விட்டதை விடப் பெரிய வித்தியாசத்தைத் தந்தது.

கையை ஈடுபடுத்தும் பொழுதுபோக்கு ஏதாவது?

சதுரங்கம் பிடித்தால் லீசெஸ் தளம். 2010-ல் வந்தது, முழுக்க இலவசம், விளம்பரமே கிடையாது. வானம் பார்க்க ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள் உண்டு. உங்கள் இடத்தையும் நேரத்தையும் கொடுத்தால் தலைக்கு மேலே இருப்பது எந்தக் கிரகம் என்று காட்டும். மாடிக்குப் போய் நிமிர்ந்து பார்க்க வேண்டியதுதான் பாக்கி. வரைவது, தைப்பது, கருவி வாசிப்பது எல்லாம் அவரவர் விருப்பம். ஒரே ஒரு எச்சரிக்கை: பொருள்களை வாங்கிக் குவிக்காதீர்கள். பென்சிலும் தாளும் ஒரு மாதம் தாங்கட்டும், அப்புறம் வண்ணங்கள் வாங்கலாம். மிச்சம் பிடித்த சந்தாப் பணத்தில் ஒரு கிதார் வாங்கி மூலையில் நிறுத்தியவன் சொல்கிறேன்.

நண்பர்கள் புதுத் தொடரைப் பற்றிப் பேசும்போது வாயை மூடி உட்கார வேண்டியிருக்கிறது.

கதையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நன்றாகக் கதை சொல்லும் நண்பர் ஒருவர் இருந்தால், 8 மணி நேரத் தொடர் 10 நிமிடத்தில் முடிந்துவிடும். சில நேரம் அதுதான் மேலும் சுவாரசியம்.

இணையத் திட்டத்தையும் குறைக்கலாமா?

பார்க்கலாம். நெட்ஃப்ளிக்ஸ் கணக்குப்படி எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரையும், 4கே என்றால் 7 ஜிபி வரையும் செலவாகும். தினம் 2 மணி நேரம் 4கேயில் பார்த்தவருக்கு மாதம் 420 ஜிபி. ஒரு மாதம் பொறுத்து உங்கள் உண்மையான பயன்பாட்டைப் பார்த்துவிட்டு, கீழே இருக்கும் திட்டம் போதுமா என்று முடிவு செய்யுங்கள். வேலைக்கு வீடியோ அழைப்பு தேவைப்படுபவர்கள் வேகத்தைக் குறைக்க அவசரப்பட வேண்டாம்.

மறுபடி சேர்ந்துவிட்டால் தோற்றுவிட்டேன் என்றுதானே அர்த்தம்?

இதில் தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. நான் ஆண்டுக்கு 2 மாதம் சேர்கிறேன், தாளில் எழுதிய பெயர்கள் 5 சேர்ந்த பிறகு. பணம் கட்டிய 5 நிமிடத்துக்குள் ரத்தும் செய்துவிடுவேன். அந்த மாதம் தேர்ந்தெடுக்கும் வேலை இல்லை, தாள் சொல்வதைப் பார்க்க வேண்டியதுதான். மாதம் முடிந்ததும் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.

'உங்களை மிஸ் பண்ணுகிறோம்' என்று மின்னஞ்சல் வந்துகொண்டே இருக்கிறது. நிறுத்த முடியுமா?

மின்னஞ்சலின் அடியில் இருக்கும் 'அன்சப்ஸ்கிரைப்' இணைப்பைத் தட்டுங்கள். அதற்கும் ரத்துப் பொத்தான் மாதிரியே சாம்பல் நிறம்தான். எனக்கு ஒரு சேவை நான் பாதியில் விட்ட தொடரின் படத்தைப் போட்டு இன்னும் மாதா மாதம் அனுப்புகிறது. அந்தத் தொடரில் கொலை செய்தது யார் என்று என் நண்பர் போன வருடமே சொல்லிவிட்டார்.